பெல்ட் இல்லாத இன்ஜின்

சாய்பாவ் செத்த அன்று மழை இல்லை. எங்கள் மலையில் யார் வண்டி கவிழ்ந்தாலும் மழையின் மேல் பழி போடுவார்கள், இல்லாவிட்டால் பனிமூட்டத்தின் மேல். அன்றைக்கு அப்படிச் சொல்ல வழியில்லாமல் வானம் பளிச்சென்று கிடந்தது. சாலையும் காய்ந்திருந்தது.

கீழே சமவெளியில் இருக்கும் லோம்காவ் சந்தைக்கு இறங்கும் சாலை அது. பிக்கப் வண்டியின் பின்பெட்டியைச் சுற்றி இரும்புச் சட்டம் கட்டி, அதற்கும் மேலே ஓர் ஆள் உயரத்துக்கு முட்டைக்கோஸ் அடுக்கிக்கொண்டுதான் நாங்கள் இறங்குவோம். வண்டிகள் இரண்டாவது கியரில் ஊளையிட்டுக்கொண்டே போகும். இன்ஜின்தான் பிடித்து நிறுத்த வேண்டும். பிரேக்கை நம்பி அந்த இறக்கத்தில் இறங்கினவன் பாதியிலேயே ரப்பர் எரிகிற நாற்றத்தை மோந்துவிடுவான்.

சாய்பாவின் தம்பி நெங்லூ தன் வண்டியில் பின்னாலேயே வந்துகொண்டிருந்தான். அவன்தான் எல்லாவற்றையும் பார்த்தவன். மூன்றாவது வளைவு தாண்டியதும் அண்ணன் வண்டியின் ஊளை சட்டென்று நின்றது. பிறகு சாவியைத் திருகி இன்ஜினைக் கிளப்பப் பார்க்கும் சத்தம் கேட்டது, இரண்டு தடவை. அப்படியென்றால் கிளட்சை மிதித்துவிட்டான் என்று அர்த்தம். கியரிலேயே விட்டிருந்தால் செத்த இன்ஜின்கூடச் சக்கரத்தைக் கொஞ்சம் பிடித்து இழுத்திருக்கும். ஓடுகிற இன்ஜின் நின்றுபோனால் யாருக்குமே முதலில் கை சாவிக்குத்தான் போகும். அவனுக்கும் போனது.

பின்விளக்கு மூன்று தடவை சிவந்தது, வண்டி மெதுவாகவில்லை. டீசல் வண்டியில் இன்ஜின் நின்றால் பிரேக்குக்குக் கைகொடுக்கும் காற்றுப் பம்பும் நின்றுவிடும். ஒன்றிரண்டு மிதி தாங்கும். அதற்குமேல் பெடல் கல்லாகிவிடும். சாய்பாவ் பள்ளத்தின் பக்கம் போகாமல் மலைப்பக்கச் சாக்கடையில் வண்டியை இடிக்கப் பார்த்தான். நல்ல யோசனைதான். சாக்கடையில் சக்கரம் இறங்கியதும் வண்டி புரண்டது. பின்னால் இருந்த பாரம் முழுக்க கேபின் மேல் வந்து விழுந்தது.

அவன் மனைவி மாய்நூவிடம் போய்ச் சொன்னது நான். அவள் தோட்டத்தில் குனிந்து கோஸ் அறுத்துக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறக்குமுன்பே என் முகத்தைப் பார்த்து நிமிர்ந்துவிட்டாள். கையில் இருந்த கத்தியைக் கீழே போடாமல் கேட்டாள்:

"இன்ஜின் நின்னுச்சாண்ணே?"

அதுதான் அவள் கேட்ட முதல் கேள்வி. உயிரோடு இருக்கிறானா என்று அதற்குப் பிறகுதான் கேட்டாள்.

ஏன் அப்படிக் கேட்டாள் என்பதைச் சொன்னால்தான் மாய்நூவைப் புரியும். அவளும் யாங் குலம், நானும் யாங் குலம். அந்த முறையில் அவள் எனக்குத் தங்கை. எங்கோ பக்கத்து மலையில் பிறந்தவள், பதினாறு வயதில் வாங் குலத்துச் சாய்பாவைக் கட்டிக்கொண்டு எங்கள் ஊருக்கு வந்தாள். இரண்டும் பெண் பிள்ளைகள். ஆண் பிள்ளை இல்லையே என்று மாமியார் சாகும்வரை முனகினாள். சாய்பாவ் முனகவில்லை. தோட்டத்துப் பாதையில் அவளுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தான். எங்கள் ஊரில் ஸ்டியரிங் பிடித்த முதல் பெண் அவள்தான். ஆனால் பாரத்தோடு இறக்கத்தில் ஓட்ட அவன் விட்டதில்லை.

அவர்களுடைய பிக்கப்புக்கு இருபத்தைந்து வயது இருக்கும். கூண்டு கெட்டி, இன்ஜின் மட்டும் ஆயிலைக் குடித்துக் குடித்து ஒருநாள் அடங்கிவிட்டது. அப்போது பிட்சனுலோக் நகரத்தில் கிம் அக்காவின் கடைக்குப் போனார்கள். ஜப்பானில் கழித்துப்போட்ட வண்டிகளின் இன்ஜின்கள் அங்கே மலைபோல் குவிந்து கிடக்கும். இரண்டு இன்ஜின்களைக் கிம் அக்கா ஓட்டிக் காட்டினாள். ஒன்று பழைய மாடல், கல் உடைக்கிற மாதிரி சத்தம். இன்னொன்று தையல் மெஷின் மாதிரி ஓடியது. சாய்பாவ் பழையதைப் பார்த்துத் தலையாட்டினான். மாய்நூதான் அமைதியானது வேண்டும் என்றாள். சின்ன மகளுக்குக் காதில் சீழ் வடிந்துகொண்டிருந்த நேரம் அது. வண்டிச் சத்தம் கேட்டாலே காதைப் பொத்திக்கொண்டு அழுவாள். சாய்பாவும் சரியென்றுவிட்டான்.

அந்த இன்ஜின்தான் மூன்றாவது வளைவில் நின்றது.

சாவு வீட்டில் பறை முழங்க, நாணற்குழல் ஊத, எருது வெட்டி, எல்லாம் முறைப்படி நடந்தது. மாய்நூ அழுதாள். ஆனால் ஒப்பாரியில் சொல்ல வேண்டிய வார்த்தைகளை அவள் சொல்லவில்லை. "நான்தான் பொறுக்கினேன், நான்தான் பொறுக்கினேன்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். துக்கத்துக்கு வந்தவர்களுக்கு என்னவென்று விளங்கவில்லை. சோறு பொறுக்கினதைச் சொல்கிறாளோ என்றுகூட ஒருத்தி என்னிடம் கேட்டாள்.

துக்கம் கழிந்ததும் வாங் குலத்துப் பெரியவர்கள் கூடினார்கள். நான் பெண் வீட்டு ஆளாகப் போய் உட்கார்ந்தேன். விதவையைக் குடும்பத்துக்குள்ளேயே வைத்துக்கொள்வது எங்களில் உண்டு. தம்பி விரும்பினால் அண்ணன் மனைவியைச் சேர்த்துக்கொள்ளலாம். நெங்லூவுக்குச் சின்னப் பையன் ஒருவனும் கியா என்று ஒரு மனைவியும் இருந்தார்கள். கியா அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அண்ணி தனியா என்ன பண்ணுவாங்க? ரெண்டு பொட்டப் புள்ள. கோசு அறுத்தா சந்தைக்கு யாரு கொண்டுபோவா? என் வீட்டுல இன்னொரு அடுப்பு எரிஞ்சிட்டுப் போகுது" என்றான் நெங்லூ. கெட்டவன் இல்லை அவன். அண்ணன் பிணத்தை இரும்புக்குள் இருந்து கையால் பிய்த்து எடுத்தவன். ஆனால் யார் பேசும்போதும் பாதியில் குறுக்கே விழுவான்.

பெரியவர் மாய்நூவைப் பார்த்தார். "நீ என்னம்மா சொல்ற?"

"எனக்கு வண்டி வேணும்."

"எந்த வண்டி?"

"சாக்கடையில கெடக்கே, அது."

நெங்லூ சிரித்துவிட்டான். "அந்த நசுங்கின தகரத்தையா? அண்ணி, அதுல கோழிகூட அடைக்க முடியாது."

"கோழி அடைக்கக் கேக்கல. கோசு ஏத்தக் கேக்குறேன். வேற எதுவும் வேணாம். உங்க வீட்டு அடுப்பும் வேணாம் தம்பி, கோச்சுக்காதீங்க."

அடுப்படியில் கியா மூச்சை விட்டது எனக்குக் கேட்டது.

நெங்லூவின் முகம் சிவந்துபோனது. என் பக்கம் திரும்பினான். "மச்சான், உங்க தங்கச்சிக்குப் புத்தி சொல்லுங்க. புருசனத் தின்ன வண்டி அது."

பெரியவர்களுக்கு அந்தத் தகரத்தால் ஆகப்போவது ஒன்றுமில்லை. எடுத்துக்கொள் என்றார்கள்.

லோம்காவில் விரோட் என்று ஒரு மெக்கானிக். சமவெளிக்காரர், எங்கள் மலை வண்டிகளுக்கெல்லாம் அவர்தான் வைத்தியர். வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு அவரிடம் போனோம். கூண்டை அடித்து நிமிர்த்திவிடலாம் என்றார். இன்ஜினைத் திறந்து பார்க்காமல் எதுவும் சொல்ல மாட்டேன் என்றார். மாய்நூ போகாமல் பக்கத்திலேயே நின்றாள்.

முன்பக்க மூடியைக் கழற்றியதும் விரோட் கையை உள்ளே விட்டு ஒரு கறுத்த நாடாவை உருவி எடுத்தார். அறுந்துபோன பெல்ட். பல்லெல்லாம் தேய்ந்து, முதுகு வெடித்து, காய்ந்த மீன் தோல் மாதிரி இருந்தது. அதைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தார். ஓரத்தில் மங்கலாக ஜப்பான் எழுத்து.

"பழைய பெல்ட்டு" என்றார்.

"இன்ஜின் ஏத்துனப்பவே மாத்தியாச்சே அண்ணே" என்றாள் மாய்நூ. "பன்னி வித்த காசு கையில குடுத்தேன், பெல்ட்டுக்குன்னு சொல்லி. ராத்திரி வந்து கேட்டேன். மாத்தியாச்சுன்னாரு."

விரோட் கந்தல் துணியை எடுத்துக் கையை விரல் விரலாகத் துடைத்தார்.

"நான் சொன்னேன் தங்கச்சி. எத்தனை வருசம் ஓடுச்சோ தெரியாத இன்ஜின், பெல்ட்ட மாத்தாம ஏத்தாதீங்கன்னு. இது அறுந்தா வால்வும் பிஸ்டனும் முட்டி எல்லாம் அந்த நிமிசமே முடிஞ்சுபோகும். அறுவடை முடியட்டும், அப்புறம் வரேன்னாரு. அந்த அறுவடையும் முடிஞ்சுது, அடுத்ததும் முடிஞ்சுது. ஒவ்வொரு தடவை பாக்கும்போதும் சொன்னேன். சிரிச்சிட்டுப் போயிடுவாரு."

மாய்நூ அங்கே கிடந்த ஆயில் டின் மேல் உட்கார்ந்தாள். பெல்ட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். இத்தனை நாளாக நான் பொறுக்கினேன், நான் பொறுக்கினேன் என்று தன்னையே தின்றுகொண்டிருந்தவள் ஆயிற்றே. குற்றம் பொறுக்கியதில் இல்லை என்று தெரிந்தால் பாரம் இறங்கும் என்று நான் கணக்குப் போட்டேன்.

அவள் தலையைத் தூக்கினபோது கண்ணில் ஈரமே இல்லை.

"பொய் சொல்லியிருக்கான்ணே" என்றாள்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் வாயில் 'அவரு' தவிர வேறு வார்த்தை நான் கேட்டதில்லை.

"என் கண்ணைப் பாத்து மாத்தியாச்சுன்னான். சட்டியில சோறு போட்டுக்கிட்டே சொன்னான். சின்னவளையும் கூட்டிட்டுத்தான் அந்த வண்டியில போவான். இப்ப நான் யார்கிட்டப் போய்ச் சண்டை போடுவேன்? சொல்லு. செத்தவன்கிட்டயா?"

அந்தப் பன்றிக் காசு எங்கே போனது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. சூதாடுகிறவன் இல்லை அவன், குடிகாரனும் இல்லை. உரத்துக்குப் போயிருக்கலாம், யாருக்காவது கைமாற்றாகக் கொடுத்திருக்கலாம். கேட்டால் மனைவி கோபிப்பாளே என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பான். நாமெல்லாம் சொல்வதில்லையா? அவன் சொன்ன வார்த்தை அந்த வளைவுவரைக்கும் கூடவே போயிருக்கிறது.

விரோட் மூன்று வழி சொன்னார். இதே இன்ஜினுக்கு வால்வு உட்காரும் தலைப்பகுதியை மாற்றி, புது பெல்ட் போட்டு ஏற்றலாம். செலவு குறைவு. கொஞ்சம் புது மாடல் ஒன்று வாங்கலாம். இழுவை அதிகம், டீசல் குறைவாகக் குடிக்கும், எல்லாம் கம்ப்யூட்டர் பெட்டிதான் பார்த்துக்கொள்ளும். மூன்றாவது, பழைய காலத்துப் பெரிய இன்ஜின். பெல்ட்டே கிடையாது, உள்ளே இரும்புப் பற்சக்கரம்தான். பம்பும் முழுக்க இரும்பு, ஒயர் அதிகம் இல்லை. மெதுவாகத்தான் ஏறும். சத்தம் காதைப் பிளக்கும்.

"பெல்ட் போட்டதும் மோசமில்ல தங்கச்சி. நேரத்துக்கு மாத்துனா நூறு வருசம் ஓடும்."

"நேரத்துக்கு மாத்தணும்னு யாராவது ஞாபகம் வச்சுக்கணும்ல?"

"ஆமா."

"அது வேணாம். ஞாபகம் வச்சுக்குறேன்னு சொல்றவங்களை எனக்கு இனிமே நம்ப முடியாது. என்னையும் சேத்துத்தான்."

பிறந்த வீட்டில் கொடுத்திருந்த மாடுகளை விற்றுவிட்டு அவள் கிளம்பினாள். சமவெளியில் பேசும் தாய்லாந்து மொழி எனக்குச் சரளம் என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். போன இடத்தில் என் மொழிக்கு வேலையே இருக்கவில்லை.

கிம் அக்கா நாற்காலியில் உட்கார்ந்து பூசணி விதை கொறித்துக்கொண்டிருந்தாள். மாய்நூவை அவளுக்கு அடையாளம் தெரிந்தது. "வீட்டுக்காரரு எங்க? வண்டிய விட்டு இறங்க மாட்டேங்குறாரா?" என்று சிரித்தாள்.

"செத்துட்டாருக்கா. நீங்க குடுத்த இன்ஜின் இறக்கத்துல நின்னுபோச்சு."

கிம் அக்காவின் உதட்டில் விதைத் தோல் அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றது. மெதுவாக எழுந்தாள். "அந்த இன்ஜின் நல்ல இன்ஜின்மா..." என்று ஆரம்பித்தாள்.

"நல்ல இன்ஜின்தான். பெல்ட்ட மாத்தல. உங்க தப்புன்னு சொல்ல வரல. பல்சக்கரம் வச்ச பழசு இருக்கா?"

அதற்குமேல் கிம் அக்கா வியாபாரப் பேச்சு பேசவில்லை. மூலையில் கிடந்த ஒன்றைக் கையால் காட்டினாள். வேலையாள் ஒருவன் வந்து அதற்கு பேட்டரி இணைக்கப் போனான்.

"இருங்க" என்று மாய்நூ போய் இன்ஜினின் இரும்பில் உள்ளங்கையை வைத்தாள். சூடாக இருந்தது. "இதக் காலையிலேயே ஓட்டிச் சூடாக்கி வச்சிருக்கீங்க. ஆறட்டும். ஆறினப்புறம் பச்சைத்தண்ணி மாதிரி இருக்கும்போது முதல் திருகல்ல புடிக்குதான்னு பாக்கணும்."

"மத்தியானம் ஆகுமேம்மா" என்றான் வேலையாள்.

"ஆகட்டும்."

மத்தியானம்வரை உட்கார்ந்தோம். பப்பாளிக்காய் இடித்த கூட்டும் பிசுபிசு சோறும் வாங்கித் தின்றோம். அவள் பாதிக்குமேல் தின்னவில்லை. பிறகு ஓட்டிப் பார்த்தார்கள். முதல் திருகலில் பிடித்துக்கொண்டது. நான் ஓரடி பின்னால் போனேன், அப்படி ஒரு சத்தம். மாய்நூ ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அதன்மேல் உள்ளங்கையைப் பிடித்தாள். காற்று முட்டித் தள்ளுகிறதா என்று பார்க்கிறாளாம். தள்ளினால் உள்ளே தேய்ந்துவிட்டது என்று அர்த்தம் என விரோட் சொல்லியிருந்தாராம். தள்ளவில்லை. புகையைப் பார்த்தாள். வெள்ளையாக இல்லை, நீலமாகவும் இல்லை. பிறகு ஒன்றும் செய்யாமல் அந்தச் சத்தத்துக்குள் நின்றுகொண்டே இருந்தாள். அணைக்கட்டுமா என்று வேலையாள் கையால் கேட்டான். அவள் பார்க்கவில்லை. அப்போதுதான் அவள் அழுவதைப் பார்த்தேன். சாய்பாவ் முதலிலேயே தலையாட்டின இன்ஜினும் இதே வகைதான் என்பது எனக்கு ஊருக்குத் திரும்பும் வழியில்தான் உறைத்தது. நான் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

வண்டி தயாரான பிறகு அவளே ஓட்டினாள். முதல் தடவை பாரத்தோடு இறங்கியபோது பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன், பயத்தோடுதான். இரண்டாவது கியர். இன்ஜின் தொண்டை கிழியக் கத்தியது. வண்டி நடைவேகத்தைவிடக் கொஞ்சம்தான் கூட. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். ஒருவன் முந்திக்கொண்டு போகும்போது தலையை வெளியே நீட்டி, "மாடு கட்டி இழு அக்கா, சீக்கிரம் போகும்!" என்றான். அவள் திரும்பவே இல்லை. மூன்றாவது வளைவில் சாக்கடை ஓரத்துக் கல் இன்னும் பெயர்ந்தே கிடந்தது. அங்கே ஊதுபத்தி வைக்க நிறுத்துவாள் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை.

அப்படியே மூன்று மழைக்காலம் ஓடியது. தன் கோசை ஏற்றினாள், கூலிக்கு என் கோசையும் ஏற்றினாள். ஊர் மேட்டில் நின்றால் இறக்கம் முழுக்கக் காதில் விழும். வேறு எந்த வண்டி என்று குழப்பமே வராது. "கல் உடைக்கிறவ போறா" என்பார்கள். பெரிய மகள் அந்த இன்ஜின் சத்தத்தில் பள்ளிக்கூடம் போய் வந்தாள். சின்னவளுக்குக் காது ஒரு பக்கம் முழுக்கப் போய்விட்டது. சீழினால்தான், வண்டியினால் இல்லை. ஆனாலும் மாய்நூ அந்தப் பக்கம் உட்காரவைத்துத்தான் கூட்டிப்போவாள், கேட்காத காது இன்ஜின் பக்கம் இருக்கும்படி.

நான்காவது மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. எலும்பை முறிக்கிற காய்ச்சல். எழுந்து நிற்க முடியவில்லை. அதே வாரம் நெங்லூவின் வண்டி படுத்துவிட்டது. அது புதிய மாடல், மழைத்தண்ணீர் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் போய்விட்டது. பாங்காக்கிலிருந்து பெட்டி வர வேண்டும் என்று பட்டறையில் சொல்லிவிட்டார்கள். அவன் தோட்டத்தில் கோஸ் அறுத்துக் குவித்தாயிற்று. மாய்நூவோடு அவன் பேச்சை நிறுத்தி வருடக்கணக்காகிவிட்டது. ஆனாலும் வந்தான். நானும் கஞ்சி கொடுத்துவிட்டு அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.

வாசலில் நின்றபடியே, "அண்ணி, இன்னிக்கி ஒரு நடை வண்டி வேணும்" என்றான்.

மாய்நூ போர்வைக்குள்ளிருந்து அவனைப் பார்த்தாள். மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். கோஸ் குவியலாகக் கிடந்தால் மழையில் இரண்டே நாளில் நாறிவிடும். அது அவளுக்கும் தெரியும்.

"சாவி ஆணியில தொங்குது. ரெண்டாவது கியரு தம்பி. மேல ஆரம்பிக்கும்போது போட்டா கீழ பாலம் வர்ற வரைக்கும் எடுக்கக் கூடாது."

"நீங்க இந்த ஊருக்கு மருமகளா வர்றதுக்கு முன்னாடியிருந்து ஓட்டுறேன் அண்ணி. எனக்கு கியரு சொல்லித் தர்றீங்களா?"

"டீசல் மிச்சம் புடிக்கிறேன்னு நியூட்ரல்ல உருட்டாதீங்க. டீசலுக்கு நீங்க ஒண்ணும் தர வேணாம்."

"சரி சரி" என்று சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

பாரம் ஏற்றி வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. மாய்நூ கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தாள், தூங்குகிறாள் என்று நினைத்தேன். வண்டி மேட்டைத் தாண்டி இறக்கத்தில் இறங்கியது. முதல் வளைவில் அந்தக் கத்தல், இரண்டாவதிலும் அதே கத்தல். பிறகு சத்தம் சட்டென்று இறங்கிவிட்டது. டக், டக், டக் என்று, வாசலில் நிறுத்திவைத்த வண்டி மாதிரி மெதுவாக.

மாய்நூ எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"எடுத்துட்டான்" என்றாள். "அண்ணே, கியர எடுத்துட்டான்."

கால் தரையில் பட்டதும் விழுந்தாள். நான் பிடித்தேன். என்னைத் தள்ளிவிட்டு வாசல்வரை தவழ்ந்து போனாள். பனிமூட்டத்தில் ஒன்றுமே தெரியவில்லை. சத்தம் மட்டும்தான். "போடு, போடு, திரும்பப் போடு" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். அந்த வேகத்தில் கியர் திரும்ப விழாது, அது எங்கள் இருவருக்குமே தெரியும். இன்ஜின் மாறாமல் டக் டக் என்று அடித்துக்கொண்டே எங்களைவிட்டுத் தூரமாகப் போனது. பிறகு எங்கோ ஓரிடத்தில் நின்று, தூரம் போகாமல், அங்கேயே அடித்துக்கொண்டிருந்தது.

நான் ஓடிப் போனேன். பிரேக் எரிந்த நாற்றம் சாலை முழுக்கப் பரவியிருந்தது. வண்டி மலைப்பக்க மண்மேட்டில் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றிருந்தது. முன்விளக்கு ஒன்று உடைந்திருந்தது, கோஸ் கொஞ்சம் சிதறியிருந்தது. மற்றபடி ஒன்றும் ஆகவில்லை. இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. கதவு திறந்து கிடந்தது. உள்ளே ஆள் இல்லை. இருநூறு முந்நூறு அடி மேலே, சாலையோரக் கல்லடியில் நெங்லூ கிடந்தான். பிரேக் பிடிக்கவில்லை என்றதும் குதித்திருக்கிறான். குதிக்காமல் உட்கார்ந்திருந்தால் நெற்றியில் ஒரு காயத்தோடு போயிருக்கும்.

உயிர் இருந்தது. பெட்சபூன் ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் கண் திறக்காமல் கிடந்து போய்ச் சேர்ந்தான்.

மறுபடியும் பறை, மறுபடியும் குழல். துக்க வீட்டுக்கு மாய்நூ காய்ச்சல் தெளியாத உடம்போடு வந்தாள். கியா அவளை வாசலிலேயே மறித்தாள்.

"உன் வண்டி உன் புருசனத் தின்னுச்சு. பத்தலையா? என் புருசனும் வேணுமா? அடுப்பு வேணாம்னு அன்னிக்கி சொன்னியே, இப்ப என் அடுப்புலயும் மண்ணப் போட்டுட்டியேடி!"

நியூட்ரல், இரண்டாவது கியர் என்றெல்லாம் அந்த இடத்தில் யார் பேசுவது? மாய்நூ கொண்டுவந்த அரிசி மூட்டையை வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பிப் போனாள்.

வண்டிக்குள் இரண்டு ஆவி இருக்கிறது, விற்றுவிடு என்றார்கள் பெரியவர்கள். ஆவி பார்க்கிறவரும் வந்து கோழி அறுத்துப் பார்த்துவிட்டு அதையேதான் சொன்னார். எங்கள் மலையில் அதை வாங்க ஆள் இல்லை. கூலிக்குக் கோஸ் ஏற்றியவர்களும் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். நான்கூட ஒரு தடவை வேறு வண்டியில் அனுப்பினேன். என் மனைவி பிள்ளைகளைக் காட்டி அழுதாள், அதனால். மாய்நூ என்னை ஒன்றும் கேட்கவில்லை. தன் கோசை மட்டும் ஏற்றிக்கொண்டு தனியாக இறங்கினாள்.

"விக்கலாம்ல?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வித்தா நெங்லூ வீட்டு அடுப்பும் இல்ல இப்ப, நான் எங்க போவேன்?" என்றாள். பிறகு, "அது ஒண்ணும் பண்ணலண்ணே. அன்னிக்கி நீங்க போய்ப் பாக்குறப்பவும் ஓடிட்டுத்தான இருந்துச்சு?" என்றாள்.

அடுத்த மழை முடிந்த அறுவடைக்குத்தான் அது நடந்தது. கியாவின் தோட்டத்தில் கோஸ் முற்றி வெடிக்க ஆரம்பித்துவிட்டது. அவர்கள் வண்டிக்குப் பாங்காக் பெட்டி வந்துவிட்டது, ஆனால் ஓட்ட ஆள் இல்லை. வெளி வண்டிக்காரர்கள் விதவை என்றதும் கூலியை ஏற்றிக் கேட்டார்கள், எடையிலும் கை வைத்தார்கள். ஒரு சாயங்காலம் நான் மாய்நூ வீட்டில் இருந்தபோது கியா வந்து வேலிக்கு வெளியே நின்றாள்.

"என் கோசு வெடிக்குது."

"பாத்தேன்" என்றாள் மாய்நூ.

"உன் வண்டியில நான் கால வைக்க மாட்டேன்."

"வைக்க வேணாம். கோச ஏத்து. எடைச்சீட்டு கொண்டாந்து தரேன்."

"உன் எடைச்சீட்ட நான் எப்படி நம்புறது?"

"அப்ப ஏறு."

மறுநாள் காலையில் இருவரும் சேர்ந்து பாரம் ஏற்றினார்கள். ஒருத்தி கீழிருந்து எறிய ஒருத்தி மேலே பிடித்து அடுக்கினாள். கடைசியில் கியா கதவருகே வந்து நின்று, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, ஏதோ முணுமுணுத்துவிட்டு ஏறினாள். போகிற வழியில் என்ன நடந்தது என்று மாய்நூ பிறகு சொன்னாள். நெங்லூ விழுந்த இடம் வந்ததும் கியா, "எங்க?" என்று கேட்டிருக்கிறாள். மாய்நூ கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுக்காமல் தாடையால் அந்தக் கல்லைக் காட்டினாளாம். கியா அதைப் பார்த்தாள். அதற்குப் பிறகு சந்தை வரும்வரை மடியில் இருந்த செருப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அன்று கோஸ் விலை மோசம். இரண்டு பேரும் ஒரே மேசையில் நூடுல்ஸ் தின்றுவிட்டு, ஆளுக்கு ஒரு மூட்டை உரம் ஏற்றிக்கொண்டு திரும்பினார்கள்.

கியா அவளை மன்னித்துவிட்டாள் என்று நான் சொல்ல மாட்டேன். இப்போதும் கல்யாண வீட்டில், சாவு வீட்டில் அவளைத் தாண்டித் தள்ளித்தான் உட்காருகிறாள். ஆனால் ஒவ்வொரு அறுவடைக்கும் கோசை அந்த வண்டியில்தான் ஏற்றுகிறாள். தானும் ஏறுகிறாள். அவர்கள் வீட்டுப் புது வண்டி வாசலில் தார்ப்பாய் போர்த்தி நிற்கிறது. அவள் மகன் பெரியவன் ஆனதும் அதை ஓட்டட்டும் என்று யாரோ சொன்னதற்கு, கியா அந்தத் தார்ப்பாயைப் பார்த்துக்கொண்டே, "அவன் படிக்கட்டும்" என்றாளாம்.